பித்தளைக்குச் சுருக்கம் கிடையாது

2005, புரட்டாசி. விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக் கொலுவில், பேட்டரியில் ஓடும் பிளாஸ்டிக் ரயில் ஒன்று வைக்கப்பட்டது. உறவினர் ஒருவர் அதன் அளவைக் குறை கூறினார். ஒரு பந்தயம் ஏற்பட்டது.

2006, வைகாசி. உரிய எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் பணி தொடங்கியது.

2006, ஆனி. துபாயிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பில் முடிவு தெரிவிக்கப்பட்டது.

2006, ஆடி. எஞ்சின் வந்து சேர்ந்தது.

2006, ஆவணி. தண்டவாளத்துக்கான பீங்கான் கட்டைகள் சூளையில் சுடப்பட்டன. எஞ்சினுக்குப் புதிய இருசுகள் லேத் பட்டறையில் கடையப்பட்டன.

2006, புரட்டாசி. நவராத்திரி முதல் நாள் மாலை, உறவினரும் தெருவாரும் கூடியிருக்க, எஞ்சின் ஓட்டப்பட்டது. ஓடிய தூரம் ஏறத்தாழ இரண்டு அடி. சேதம்: பீங்கான் கட்டைகள் சில, செட்டியார் பொம்மையின் தலை. உயிர்ச்சேதம் இல்லை.

மேற்கண்டவற்றில் ஒரு சொல்லும் மிகையில்லை. ஆயினும் ஆய்வாளனுக்குரிய நேர்மையோடு, அதில் விடுபட்ட ஒரு செய்தியை இங்கே சேர்த்தாக வேண்டும். இத்தனைக்கும் காரணமான ஆள் முனைவர் பட்டம் பெற்றவன். அந்தப் பட்டம் அவனுக்குக் கிடைத்ததே, பீங்கான் சூளையில் எவ்வளவு சுருங்கும் என்று ஆராய்ந்து சொன்னதற்காகத்தான். அந்த ஆள் நான்.

பீங்கான் தொழிலில் பிழைக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சை மண்ணில் செய்த பொருள் காயும்போது கொஞ்சம் சுருங்கும். சூளையில் வேகும்போது நிறையச் சுருங்கும். நூறு மில்லிமீட்டரில் ஒரு பொருள் கையில் வேண்டுமென்றால், எங்கள் மண்ணுக்கு, நூற்றுப் பதினேழு மில்லிமீட்டரில் மோல்டு போட வேண்டும். இந்தக் கூட்டலுக்குத் தொழிற்கூடங்களில் 'சுருக்கம் போடுவது' என்று பெயர். இதை நாங்கள் கணக்கு என்றுகூட நினைப்பதில்லை. சோற்றுக்கு உப்புப் போடுவதைப் போல, கை தானாகப் போட்டுவிடும்.

எங்களுடையது சிறிய தொழிற்கூடம். மின்சாரப் பெட்டிகளில் மாட்டும் பீங்கான் ப்யூஸ் கட்டைகள் என் பொறுப்பு. பொம்மைகள் என் மனைவி மங்கையின் பொறுப்பு. சூளை இருவருக்கும் பொது. அதிலும் நடு இடம் அவளுடைய பொம்மைகளுக்கு. ஓரங்களில் என் கட்டைகள். (பொம்மைக்கு மென்மையான சூடு வேண்டுமாம். ப்யூஸ் கட்டை எப்படி வெந்தால் யாருக்கென்ன.)

ஆகவே எங்கள் வீட்டுக் கொலுவுக்குப் பொம்மை வாங்கிய வழக்கமே இல்லை. சூளையில் பிழைத்தும் விற்பனைக்குத் தேறாதவையெல்லாம் படியேறிவிடும். ஒரு கண் மட்டும் மேலே பார்க்கும் கிருஷ்ணர், மெருகு வழிந்து தாடி வளர்ந்துவிட்ட பால விநாயகர், சற்றே சாய்ந்து வெந்ததால் எப்போதும் யாரையோ ஒட்டுக்கேட்பவரைப் போல நிற்கும் செட்டியார். மங்கை ஒவ்வொன்றையும் அதன் குறை தெரியாத கோணத்தில் திருப்பி வைப்பாள். வெளியூர்க்காரர்கள் வந்து, "பொம்மையெல்லாம் என்னா உயிரோட்டம்" என்பார்கள். அவள் அடக்கமாகத் தலையசைப்பாள்.

அந்தக் கொலுவில் அவளுக்கு ஒரே ஒரு குறை. மரப்பாச்சி இல்லை. அவளுடைய அம்மாவின் மரப்பாச்சி ஜோடி, செம்மரத்தில் செய்த ஆணும் பெண்ணும், மூத்தவள் என்ற உரிமையில் அக்கா ராஜேஸ்வரியோடு சேத்தியாத்தோப்புக்குப் போய்விட்டது. ஒரு சூளை நிறையப் பொம்மை செய்கிற பெண்ணுக்கு, மண்ணால் செய்யாத அந்த இரண்டின்மேல்தான் ஆசை. ஒவ்வோர் ஆண்டும் முதற்படியின் நடுவில் இரண்டு சாண் இடத்தைக் காலியாக விட்டே வைப்பாள். வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டாள். அக்கா வந்து பார்க்கும்போது அந்த இடம் மட்டும் கண்ணில் படும்படி விளக்கை வைப்பாள்.

2005இல் நான் கோயில் தெருக் கடையொன்றில் பேட்டரி ரயில் வாங்கிவந்து, கொலுவுக்குக் கீழே கேழ்வரகு முளைவிட்ட பூங்காவைச் சுற்றி ஓடவிட்டேன். அக்காவின் கணவர் தணிகாசலம், என் சகலை, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். தரையில் குந்தி உட்கார்ந்து, அந்த ரயில் தம்மைக் கடந்து போவதை ஒரு மேலதிகாரியின் முகத்தோடு பார்த்தார்.

"சகல, என்னா இது?"

"ரயிலுண்ணே."

"ரயிலு மாரி இருக்குது. ரயிலு இல்ல. எஞ்சின் ஒடம்பு அகலத்தப் பாருங்க, தண்டவாளத்தப் பாருங்க. இவ்ளோ கிட்டத்துல போட்டா முதல் வளைவுலயே கவுந்துடும். கேஜு தப்பு."

அந்தக் காலத்தில் கேஜ் பற்றி, அதாவது இரு தண்டவாளங்களின் இடைவெளியைப் பற்றிப் பேச எங்கள் ஊரில் எல்லோருக்கும் உரிமை இருந்தது. சேலம் பாதையின் குறுகிய மீட்டர் கேஜ் தண்டவாளங்களைப் பெயர்த்து அகலப்பாதை போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. டீக்கடையில் உட்கார்ந்தவரெல்லாம் பொறியாளர்தான். நான் மட்டும் எதற்குச் சும்மா இருக்க வேண்டும்.

"அளவு சரியா ஒண்ணு செஞ்சு காட்டுனா?" என்றேன்.

சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ராஜேஸ்வரி அக்கா நிமிர்ந்தார். "செய்யட்டுமே தம்பி. அடுத்த கொலுவுக்கு அளவு சரியா இருந்து, மூணு சுத்து ஓடுச்சுன்னா, அம்மாவோட மரப்பாச்சிய மங்கைக்கே குடுத்துடறேன்."

மங்கையின் கையிலிருந்த கரண்டி நின்றது. "சாமி முன்னாடி சொல்றக்கா."

"சாமி முன்னாடிதான் சொல்றேன். உன் வூட்டுக்காரர எனக்குத் தெரியாதா."

அந்தக் கடைசி வாக்கியத்தின் முழுப்பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை.

அடுத்த சில மாதங்கள் என் வாழ்வின் மிக இன்பமான ஆராய்ச்சிக் காலம். (முனைவர் பட்ட ஆய்வு அவ்வளவு இனிக்கவில்லை. அதில் வழிகாட்டி இருந்தார்.) பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துப் பிரவுசிங் சென்டரில், காதல் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்த இளைஞர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, மாதிரி ரயில்களைப் பற்றி அச்செடுத்துக் குவித்தேன். சகலை சொன்னது உண்மை என்று தெரிந்தது. கடைகளில் விற்கும் ஆங்கிலேய மாதிரிகளில் எஞ்சினின் உடலை எழுபத்தாறில் ஒரு பங்காகச் சரியாகச் செய்துவிட்டு, தண்டவாளத்தின் அகலத்தை மட்டும் ஏதோ பழைய வசதிக்காகப் பதினாறரை மில்லிமீட்டராகக் குறுக்கிவிட்டார்கள். நியாயமாக அது பத்தொன்பதுக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால், பெரிய தொந்திக்காரர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கால்களைச் சேர்த்துவைத்து, வரப்பில் நடப்பதைப் போலிருக்கும்.

இந்த இரண்டு மில்லிமீட்டர் சொச்சத்தைப் பொறுக்கமாட்டாமல், கடையில் வாங்கிய எஞ்சினின் சக்கரங்களைக் கழற்றி, இரு சக்கரங்களையும் இணைக்கும் இருசை நீளமாக மாற்றி, விளிம்பை மெலிதாகக் கடைந்து, தண்டவாளத்தையும் தாங்களே போட்டுக்கொள்கிற மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அதை அறிந்த மாலையில், இத்தனை காலம் உறவினர் யாரென்று தெரியாமல் வளர்ந்த ஒருவனுக்குத் தன் குலம் தெரிந்ததைப் போல் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு முறை சைக்கிளை நிறுத்தி, அச்செடுத்த தாள்களைத் தெருவிளக்கில் மறுபடியும் பார்த்தேன்.

கேள்வி ஒன்றுதான். தொடக்கக்காரன் எந்த எஞ்சினை எடுக்க வேண்டும்?

மூன்றைத் தேர்ந்தேன். ஒன்று, நீளமான கரி எஞ்சின். ஆள் உயரச் சக்கரங்கள், அவற்றை இணைக்கும் தண்டுகள், தண்டுகளை ஆட்டும் வேறு தண்டுகள் என்று ஒரு முழு ஆலையே பக்கவாட்டில் தொங்கும். இரண்டு, ஆறு சக்கரமுள்ள குட்டிக் கரி எஞ்சின். தண்டு குறைவு, ஆனாலும் தண்டு. மூன்று, நீல நிற டீசல். பெட்டி மாதிரி இருக்கும், அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களாக இரண்டு போகி, போகிக்கு நான்கு சக்கரம், அவ்வளவுதான். அழகு, கடினம், கௌரவம், கற்றலுக்குரிய வாய்ப்பு என்று நான்கு தலைப்பில் மதிப்பெண் போட்டேன். நீளக் கரி எஞ்சின் பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெற்றது. கடினத்துக்கும் நான் கூடுதல் மதிப்பெண் கொடுத்திருந்தேன்.

மங்கை அச்செடுத்த படங்களை வாங்கி, பொம்மைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த பலகைமேல் வரிசையாக வைத்தாள்.

"இது வேணாங்க" என்று நீளக் கரி எஞ்சினை ஒதுக்கினாள்.

"ஏன்?"

"கை கால நீட்டிக்கினு இருக்குது. நீட்டிக்கினு இருக்கிறதுதான் சூளையில மொதல்ல ஒடியும். நான் நடராஜர் செய்யறத நிறுத்துனது எதுக்குன்னு நெனைக்கிறீங்க?"

"இத யாரும் சூளையில போடப் போறதில்ல, மங்கை."

"நீங்க கை வச்சா அதுவும் சூளைதான்." டீசலின் படத்தை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள். "இது நல்லா அடக்கமா இருக்குது. உக்காந்த புத்தர் மாதிரி. எனக்கு மரப்பாச்சி வேணுங்க. கௌரவம் அப்புறம் பாத்துக்கலாம்."

தொடக்கக்காரர்களுக்கான ஆங்கிலக் கட்டுரை பத்துப் பக்கத்தில் சொன்னதும் அதுதான். இணைப்புத் தண்டு இல்லாததை எடு. சக்கரம் சுலபமாகக் கழல்வதை எடு. அதை நான் பல முறை படித்திருந்தேன். தொடக்கக்காரர்கள் என்பது என்னைக் குறிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முடிவெடுக்காமலே ஆனி மாதம் வந்தது. மங்கலம்பேட்டையில் எங்கள் ப்யூஸ் கட்டைகளை விற்கும் கடைக்காரரின் தம்பி சலீம் துபாயில் வேலை பார்த்துவந்தார். விடுமுறைக்கு ஊருக்கு வருவதற்கு முன், எனக்காக ஒரு பொம்மைக் கடையில் நின்றுகொண்டு அழைத்தார்.

"சார், கடையில நிக்கறேன். கருப்பா நீட்டா ஒண்ணு, பச்சையா குட்டியா ஒண்ணு, நீலமா பெட்டி மாதிரி ஒண்ணு. எது எடுக்கட்டும்? சீக்கிரம் சொல்லுங்க, வெளிய ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "சலீம், இதுல நாலு அம்சம் இருக்குது. முதலாவது..."

மங்கை தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். "தம்பி, நல்லா இருக்கீங்களா? கை கால் இல்லாததா பாத்து எடுங்க."

"ரயிலுக்கு ஏதுக்கா கை காலு?"

"பக்கத்துல தொங்குதுல்ல கம்பி கம்பியா. அது எதுல இல்லியோ அது."

"அப்ப நீலம்."

"நீலம்தான். பத்திரமா வாங்க. அம்மாவ விசாரிச்சதாச் சொல்லுங்க."

ஆராய்ச்சி முடிவடைந்தது.

ஆடியில் சலீம் கொண்டுவந்து கொடுத்த பெட்டியைத் திறந்த கணத்தை இப்போது நினைத்தாலும் விரல் நுனி குறுகுறுக்கிறது. உள்ளங்கையில் கனமாக உட்கார்ந்த அந்த நீலப் பொருளின் சன்னல் கம்பி, கைப்பிடி, கூரையின் காற்றாடி என ஒவ்வொன்றும் எழுபத்தாறில் ஒரு பங்கு. முன்புறமாகத் திருப்பினேன். ஆம், தொந்திக்காரர் வரப்பில்தான் நின்றார். இவருடைய கால்களை நான் அகட்டி வைக்கப் போகிறேன் என்று எண்ணியபோது, ஓர் அறுவை மருத்துவருக்குரிய பெருமிதம் வந்தது.

தண்டவாளத்துக்கு என் யோசனை இது: தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகளைப் பீங்கானிலேயே செய்வது. கட்டை ஒவ்வொன்றிலும் சரியான இடைவெளியில் இரண்டு பள்ளம்; பெட்டியோடு வந்த தண்டவாளத்தைப் பிரித்து அந்தப் பள்ளங்களில் பதித்துவிட்டால், அளவு எந்நாளும் நகராது. உலகத்தில் யாரும் செய்திராதது. (ஏன் செய்யவில்லை என்று யோசித்திருக்கலாம்.) வரைபடம் போட்டேன். இடைவெளி பத்தொன்பதுக்குச் சற்றுக் குறைவு. கை தானாகச் சுருக்கம் போட்டது. தாளில் இருபத்திரண்டு மில்லிமீட்டர் என்று எழுதினேன். அதே தாளில், அதே மூச்சில், சக்கரங்களுக்கான புதிய இருசையும், சக்கரங்களைப் பொருத்தும்போது நடுவில் வைத்துப் பிடிக்கிற பித்தளை அளவுக் கட்டையையும் வரைந்தேன். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டுமல்லவா. ஆகவே எல்லாவற்றுக்கும் இருபத்திரண்டு.

தாளின் இரண்டு பிரதிகளில் ஒன்று மங்கையின் மோல்டு மேசைக்குப் போனது. மற்றது ஜங்ஷன் சாலை லேத் பட்டறைக்குப் போனது.

கட்டைகள் சூளையிலிருந்து வந்தபோது பள்ளங்களின் இடைவெளியை அளந்தேன். மயிரிழை பிசகாமல் பத்தொன்பதுக்குச் சற்றுக் குறைவு. என் ஆய்வேட்டை இன்னொரு முறை வாசித்ததைப் போல் இருந்தது. பட்டறையிலிருந்து வந்த பித்தளைச் சாமான்களை அளக்கவில்லை. வரைபடத்தில் இருந்தபடி இருந்தன, அது போதுமே.

சக்கரங்களைப் புது இருசில் ஏற்றிப் போகிக்குள் வைத்தால், போகவில்லை. பக்கச் சட்டங்களில் முட்டின. இந்த இடத்தில் எந்தப் பள்ளி மாணவனும் அளவைச் சந்தேகித்திருப்பான். நான் ஆங்கிலேயனைச் சந்தேகித்தேன். கால் அகட்ட இடம் விடாமல் சட்டம் செய்திருக்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த அழகிய பிளாஸ்டிக் சட்டங்களை உள்பக்கமாக அரம் வைத்துத் தேய்த்தேன். ஒரு மாலை முழுவதும் தேய்த்தேன். மங்கை வந்து எட்டிப்பார்த்து, "புத்தர் எளச்சுட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தண்டவாளத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்திருக்கலாமே என்று இன்றுவரை எல்லோரும் கேட்கிறார்கள். இதற்கு விடை எங்கள் தொழிலில் இருக்கிறது. சூளையை மூடினால், அது ஆறும்வரை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே இருப்பது அத்தனையும் விரிசல் விட்டுவிடும். பொறுத்திருந்து நல்ல நேரத்தில் திறப்பதுதான் முறை. அந்தப் பழக்கத்தில், எஞ்சினைப் பொருத்தி முடித்து, துண்டு போட்டு மூடி, அலமாரியில் வைத்தேன். நவராத்திரி முதல் நாள் விளக்கேற்றிய பிறகுதான் திறப்பது என்று அறிவித்தேன். மங்கைக்கும் அது சரியாகவே பட்டது. அவளும் சூளைக்காரிதானே.

அன்று மாலை கூடம் நிறைந்திருந்தது. தெருப் பெண்கள் பாயில் அமர்ந்திருந்தார்கள். முதற்படியின் நடுவில் இரண்டு சாண் காலியிடம், பக்கத்தில் விளக்கு. கீழே கேழ்வரகுப் பயிரைச் சுற்றி நீள்வட்டமாக என் தண்டவாளம். பழுப்பு மெருகு பூசிய கட்டைகள் மினுங்கின. ராஜேஸ்வரி அக்கா மடியில் ஒரு மஞ்சள் துணிப்பை. வாக்குத் தவறாதவர், கொண்டுவந்துவிட்டார். மங்கை பையைப் பார்க்காததைப் போல் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு பேருக்கு இரண்டு முறை கொடுத்தாள்.

நான் சிறு முன்னுரை வழங்கினேன். கேஜ் என்பதன் வரலாறு, அளவில் நேர்மை, உலகெங்கும் அதற்காக உழைப்போர். தணிகாசலம் சகலை இடைமறித்தார். "சகல, வண்டி லேட்டு."

துண்டை எடுத்தேன். "அடடா" என்றார்கள். நீல எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தேன்.

உட்காரவில்லை. சரியாகச் சொன்னால், உட்கார்ந்தது, தண்டவாளத்தின்மேல் அல்ல. சக்கரங்கள் இரண்டு பக்கமும் தண்டவாளத்துக்கு வெளியே இறங்கி, பீங்கான் கட்டைகளின்மேல் நின்றன. தொந்திக்காரர் வரப்பில் நடக்கவில்லை இப்போது. வரப்புக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு நின்றார். எனக்குக் காது சூடாகியது. ஆயினும் எதிரே முழுத் தெருவும் இருந்தது. புது இருசு, ஓடினால் சரியாகிவிடும் என்று முணுமுணுத்துக்கொண்டு, மேலிருந்து ஓர் அழுத்து அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு கட்டை உடைந்தது. மின்சாரக் குமிழைத் திருகினேன்.

ஓடியது.

அதுதான் கொடுமை. சக்கரங்களின் உள்பக்கம் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை உரசிக்கொண்டிருந்ததால் மின்சாரம் பாய்ந்துவிட்டது. கட்டைக்குக் கட்டை ஏறி இறங்கி, பல் கிட்டித்ததைப் போலக் கடகடவென்ற ஓசையோடு எஞ்சின் நேர்பாதையில் போனது. பெண்கள் கை தட்டினார்கள். மங்கையின் முகத்தில் வந்த ஒளியை நான் பார்த்தேன். அக்கா பெருமூச்சு விட்டு, துணிப்பையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

வளைவு வந்தது. எஞ்சினுக்கு வளையத் தெரியவில்லை. ஒரு கணம் முக்கியது. ஒரு நீலப் பொறி பறந்தது. பிறகு தண்டவாளத்தைத் தாண்டி ஏறி, கேழ்வரகுப் பயிரை உழுதுகொண்டு நேராகப் போய், அதற்கப்பால் தரையில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த செட்டியாரின் பொம்மைக் கடைக்குள் புகுந்தது. செட்டியார் சாய்ந்தார். தலை மட்டும் தனியே உருண்டு, கூடத்தைக் கடந்து, தணிகாசலம் சகலையின் காலடியில் வந்து நின்றது.

முன்வரிசையில் ஓர் அம்மாள், "இப்பிடித்தான் ஓடுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

சகலை தலையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எழுந்து போய் எஞ்சினைப் புரட்டினார். இன்னொரு பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்தார். (ஓய்வுபெற்றும் அது அவரை விட்டுப் பிரியவில்லை.) சக்கரத்தை அளந்தார். தண்டவாளத்தை அளந்தார். மறுபடியும் சக்கரத்தை அளந்தார். மனத்துக்குள் ஏதோ பெருக்கினார்.

"சகல, எத்தினில ஒரு பங்குன்னு சொன்னீங்க?"

"எழுபத்தாறுல ஒண்ணு."

"இது இருவத்திரண்டு இருக்குது. எழுபத்தாறால பெருக்குனா..." அவர் முகம் மெல்ல மாறியது. சபையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். "இது நம்மூரு ப்ராடு கேஜு. அப்பிடியே. வெளிய சேலம் லைன்ல போட்டுக்கினு இருக்கானே, அதே. வெள்ளக்காரன் வண்டிக்கு இந்தியாக் கேஜு போட்டுட்டாரு சகல."

நான் அவர் கையிலிருந்த எஞ்சினின் பித்தளை இருசைப் பார்த்தேன். மங்கையும் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே நொடியில் புரிந்தது. அவள்தான் வாய் திறந்தாள்.

"ஏங்க. பித்தளைக்குமா சுருக்கம் போட்டீங்க?"

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை நேராகச் சந்தித்ததில்லை. அவள் முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு தோள் குலுங்கியது. பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். "பரவால்லங்க, சூளையில போட்டா சரியாப் பூடும்" என்று ஒருவாறு சொல்லி முடித்தாள். கூடமே அதிர்ந்தது. பீங்கான் ஊர் அல்லவா. பாயிலிருந்த அத்தனை பேருக்கும் விளக்கமின்றி விளங்கியது.

சிரிப்பு அடங்கியதும் வழக்கு தொடங்கியது.

"அக்கா, அளவு சரின்னு மாமாவே சொல்லிட்டாரு" என்றாள் மங்கை. "நம்ம ஊரு கேஜுதான. வண்டி சரி, தண்டவாளந்தான் தப்பு. அதத்தான இப்ப ஊரெல்லாம் மாத்தறாங்க?"

"மூணு சுத்து ஓடலியேடி."

"பாதி ஜெயிச்சுட்டோம்ல? ஒரு மரப்பாச்சியாவது குடு."

"புருஷன் பொண்டாட்டியப் பிரிக்கக் கூடாதுடி" என்று சொல்லிவிட்டு அக்கா முடிச்சை மறுபடியும் போட்டார்.

மங்கை அந்த முடிச்சைப் பார்த்தாள். பிறகு, இன்னும் சிரித்தபடியே, சுண்டல் எடுத்துவர உள்ளே போனாள். சற்று நேரம் கழித்துத்தான் வந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எது பெரிதாக இருந்தாலும் அதற்கு மருந்து ஒன்றுதான். தைத்த சட்டை தொளதொளவென்றிருந்தால், சூளையில் போட வேண்டும். பேரனுக்கு வாங்கிய செருப்பு பெரிதானால், சூளையில் போட வேண்டும். என் மகள் பூங்கோதை சென்னையில் வீடு வாங்கியபோது, கூடம் மிகவும் பெரிது என்று யாரோ சொல்ல, "அப்பாகிட்ட குடுங்க" என்றாளாம். நீல எஞ்சின் ஆண்டுதோறும் கொலுவில், தண்டவாளம் இல்லாமல், கேழ்வரகுப் பயிருக்கு நடுவில் நின்றது. அக்கா வரும்போதெல்லாம், "ரயிலு ஓடுதாடி?" என்பார். "சூளையில இருக்குதுக்கா" என்பாள் மங்கை. சக்கரத்தைக் குறைக்கச் சொல்லியோ தண்டவாளத்தைப் பெரிதாக்கச் சொல்லியோ அவள் என்னிடம் ஒருமுறையும் கேட்கவில்லை. நானும் செய்யவில்லை. சுருக்கத்தில் பட்டம் பெற்றவன், தன் கையெழுத்தில் இருந்த அந்த இருபத்திரண்டை மறுபடியும் பார்க்க விரும்பவில்லை.

மங்கை போன பிறகு இது இரண்டாவது புரட்டாசி. சென்ற ஆண்டு கொலு வைக்கவில்லை. இந்த ஆண்டு பூங்கோதை வந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

போன வாரம் தணிகாசலம் சகலை சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வந்தார். எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறார். மஞ்சள் துணிப்பையை மேசைமேல் வைத்தார்.

"ராஜி குடுத்தனுப்பிச்சா. இனிமே எதுக்கு பந்தயம்னு சொல்றா."

நான் முடிச்சை அவிழ்க்கவில்லை. "ஓடலியே அண்ணே" என்றேன்.

"என்னா?"

"மூணு சுத்து ஓடணும்னு சாமி முன்னாடி சொன்னது. ஓடட்டும். அன்னைக்கு அக்காவையே எடுத்துக்கினு வரச் சொல்லுங்க."

அவர் பையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு, சட்டைப் பைக்குள் கைவிட்டு, அந்த இரும்பு ஸ்கேலை எடுத்தார்.

"அப்ப வண்டியத் தொட வேணாம் சகல. மங்கை சொன்னாப்பல, தண்டவாளத்த மாத்துவோம். வளைவு நான் பாத்துக்கறேன். பேப்பரு எடுங்க."

எடுத்தேன். வெகுகாலத்துக்குப் பிறகு, பென்சிலைச் சீவும்போது எனக்கு அவசரமாக இருந்தது. இரவு விளக்கை அணைத்த பின்னும் இரண்டு முறை எழுந்து வரைபடத்தைப் பார்த்தேன். இன்று காலை மோல்டுக்குப் பாரிஸ் சாந்து கலக்கியாயிற்று. எஞ்சினைத் துடைத்து, மோட்டாருக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன், உறுமுகிறது. உட்கார்ந்த புத்தர் எழுந்துகொள்ளத் தயாராக இருக்கிறார்.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

புதிய கட்டைகள். பள்ளத்தின் இடைவெளி சுட்ட பிறகு இருபத்திரண்டு. மோல்டில் இருபத்தைந்தே முக்கால். இதற்கு மட்டுமே சுருக்கம் உண்டு.

வளைவை அகலமாகப் போடுவது. பொறுப்பு: சகலை.

செட்டியாரின் தலையை ஒட்டுவது. (அதுவும் சகலையிடம்தான் இருக்கிறது. இத்தனை நாள் பூஜை அலமாரியில் வைத்திருந்தாராம்.)

நவராத்திரிக்கு முன்பே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. துண்டு போட்டு மூடக் கூடாது.

முதற்படியில் இரண்டு சாண் இடம் விட வேண்டும் என்று பூங்கோதையிடம் சொல்வது.

மரப்பாச்சி ஜோடிக்குப் புதுத் துணி. மங்கையின் அரக்குப் புடவையை எடுத்து வெளியே வைத்திருக்கிறேன். கத்தரி இன்னும் வைக்கவில்லை.